தனகோட்டி வெளிச்சம்

அஞ்சுகத்தின் வீட்டுக்காரர் தனகோட்டி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு விளக்கு மாட்ட ஸ்டூல் மேல் ஏறினார், பதினோரு மாதம் கழித்துத்தான் இறங்கினார், அந்தப் பதினோரு மாதமும் எங்கள் தலைக்கு மேலே எரிந்துகொண்டிருந்தார் என்று வெளியாளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எங்கள் பிளாக்கில் இதற்கு யாரும் சிரிப்பதில்லை, அவர் வெளிச்சத்தில் ஊசிக்கு நூல் கோக்காத கையும், அரிசியில் கல் பொறுக்காத கையும், பரீட்சைக்குப் படிக்காத பிள்ளையும் இங்கே இல்லை. என் கையும் அதில் ஒன்றுதான்.

முதலில் எங்கள் பிளாக்கின் நம்பர் கூத்தைச் சொல்லிவிட வேண்டும். ஆற்றோரத்துக் குடிசைகளிலிருந்து எங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இந்த நாலு மாடிக் கட்டிடங்களில் இறக்கியபோது குலுக்கல் முறையில் வீடு கொடுத்தார்கள், குலுக்கலுக்கு யார் யாருக்கு உறவு என்று தெரியுமா என்ன, ஆத்தா கீழே மகள் மேலே என்றும், பதினைந்து வருடம் பேசாத ஓரகத்திகள் எதிரெதிர் வாசல் என்றும் விழுந்தது. ஒரே வாரத்தில் நாங்களாகப் பேசி வீடுகளை மாற்றிக்கொண்டோம். மாற்றும்போது ஆளுக்கு ஒரு திருப்புளியை எடுத்து, கதவில் அடித்திருந்த நம்பர் தகட்டைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்ப் புது வாசலில் முடுக்கிக்கொண்டோம், ஏனென்றால் ரேஷன் கார்டிலும் கேஸ் புத்தகத்திலும் ஓட்டர் அட்டையிலும் அந்த நம்பர்தான் இருந்தது. அதனால் எங்கள் மூன்றாவது மாடியில் நடந்தால் 31, 7, 43, 18 என்று வரும். போஸ்ட்மேன் மட்டும் எங்களைச் சபித்துக்கொண்டு திரிந்தார்.

அஞ்சுகத்துக்கு விழுந்த 43 தரைத்தளத்தில் இருந்தது, எனக்கு விழுந்த 12 மூன்றாவது மாடியில். எனக்கு மூட்டுவலி. “நீ கீழ இருந்துக்கக்கா, நான் ஏறிக்கறேன்” என்று அஞ்சுகம்தான் தகட்டைக் கழற்றினாள். நான் கேட்கக்கூட இல்லை.

தகடுகள் எல்லாம் இடம் மாறின, படிக்கட்டுக்கு அடியில் வரிசையாக இருந்த மீட்டர் பெட்டிகள் மட்டும் நம்பரோடு இருந்த இடத்திலேயே இருந்தன. அதை யாரும் யோசிக்கவில்லை. வீட்டுக்கு ஒரு ஃபேன், ஒரு டிவி, இரண்டு பல்பு, மிஞ்சினால் ஒரு மிக்சியோ கிரைண்டரோ, எங்களுக்கு வரும் பில் இலவச யூனிட்டுக்குள்ளேயே அடங்கிவிடும், யாருடைய மீட்டர் யாருக்காகச் சுற்றுகிறது என்று எட்டு வருடம் யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

தனகோட்டி வாட்ச்மேன். அவர் காவல் காத்த பங்களாவில் பழைய தொங்குவிளக்கு ஒன்றைக் கழற்றிப் போட்டார்கள், பித்தளையில் ஐந்து கிளை, கிளைக்கு ஒரு பல்பு. அஞ்சுகம் வீட்டில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்கு ஹூக்கு கட்டுகிறவள், அந்த வீட்டுக் கூடத்திலோ நடுப்பகலிலும் இருட்டு, கறுப்பு நூலையும் கருநீல நூலையும் மாற்றித் தைத்து இரண்டு தடவை டெய்லர் கடையில் திட்டு வாங்கியிருந்தாள். அவளுக்காகத்தான் அந்த விளக்கைக் கேட்டு வாங்கி, இரண்டு பஸ் மாறி, குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

வந்த அன்றே மாட்டிவிடவில்லை, அவர் அப்படிப்பட்ட ஆளில்லை. ஃபேன் மாட்டியிருந்த கொக்கியிலேயே இதையும் தொங்கவிடு என்று நான்கூடச் சொன்னேன். “ஒரு கொக்கி ஒரு பாரத்துக்குத்தாங்க்கா” என்றார். டிரில் மெஷின் வாடகைக்கு எடுத்துக் கூரையில் துளை போட்டு, ஆங்கர் போல்ட் இறக்கி, அதில் இரண்டு தண்ணீர் கேன்களை நிரப்பிக் கட்டி ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டுப் பார்த்தார். இரும்பு ஏணி வேண்டாமென்று மரஸ்டூல் கடன் வாங்கினார். காலில் ரப்பர் செருப்பு. ஒயரில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்க டெஸ்டர் ஒன்று வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார், அப்புறம் மெயினையே இறக்கிவிட்டால் டெஸ்டர் எதற்கு என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார். ஸ்டூலில் ஏறும்போது தலையில் அடிக்குமென்று ஃபேனை முதலிலேயே அணைத்துவிட்டார். அது ஓடிக்கொண்டிருந்தாலாவது காட்டிக்கொடுத்திருக்கும்.

அஞ்சுகம் இறங்கி வந்து 43 என்று எழுதிய பெட்டியில் மெயினை இறக்கினாள். “அக்கா, தோ இத்த எவனும் தொடாம பாத்துக்க. அவரு ஒயர்ல கைய வெக்கப் போறாரு.”

“நீ போடி. நான் நிக்கறேன்” என்றேன்.

படிக்கட்டிலிருந்தே மேலே பார்த்து, “ஆஃப் பண்ட்டேன்யா!” என்று கத்தினாள். “சரி!” என்று குரல் வந்தது. அவள் ஸ்டூலைப் பிடிக்க ஏறினாள். நான் கண்கொத்திப் பாம்பாக அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றேன், என் முதுகுக்குப் பின்னால் என் வீட்டு டிவி நின்றுபோயிருந்தது, எதிர்வீட்டு டிவி பாடிக்கொண்டிருந்தது, கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தேன். எதிர்வீட்டில் மட்டும் எப்படிப் போகவில்லை என்று நினைக்கவில்லை. என் வீட்டு மெயினுக்குத்தான் நான் காவல் நின்றேன்.

மேலே போன அஞ்சுகம் அலறவில்லை. அதுதான் எங்களுக்கெல்லாம் முதல் ஆச்சரியம். அவள் போய்ச் சேர்ந்தபோது ஸ்டூல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது, விளக்கு கொக்கியில் நேராகத் தொங்கியது, ஐந்து பல்பும் எரிந்தன, விளக்குக்குப் பக்கத்தில் இரண்டு ஒயர் முனைகளையும் இரண்டு கையால் பிடித்தபடி தனகோட்டி கூரையை ஒட்டி அந்தரத்தில் நின்றார், தோலுக்குள்ளிருந்து மஞ்சளாக வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. கண் திறந்திருந்தது.

“அஞ்சு, கிட்ட வராத” என்றார்.

அவள் கேட்பாளா? காலைப் பிடித்தாள், சுவரோரம் போய் விழுந்தாள், வளையல் எல்லாம் நொறுங்கிவிட்டது. பத்து நிமிடத்தில் பிளாக்கே அங்கே நின்றது, யார் சொன்னாரோ மூன்றாவது மாடியின் மெயின் ஒவ்வொன்றையும் தடவிப் பார்க்கக் கீழே ஓடினார்கள், என் நம்பரான 12 என்று எழுதியதில் ஒருவன் கையை வைத்ததும் தனகோட்டி மேலிருந்து, “அத்த எறக்காத! எறக்குனா நான் இல்ல!” என்றார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நாங்கள் கேட்கவில்லை. சொல்கிற ஆள் தனகோட்டி, எதையும் இரண்டு தடவை பார்க்காமல் சொல்லமாட்டார்.

மறுநாளே அது உண்மை என்று புரிந்தது. இரண்டாவது மாடியில் யாரோ அயர்ன் பாக்ஸ் போட, இன்னொருத்தி கிரைண்டர் போட, வோல்டேஜ் இறங்கியதும் தனகோட்டியும் இறங்கினார். ஒரு சாண், அப்புறம் ஒரு முழம். இறங்க இறங்க வெளிச்சம் சிவந்தது, உதடு நீலம் பாரித்தது, கண் மூடியது, மூச்சு எண்ணி எண்ணி வந்தது. கிரைண்டர் நின்றதும் மெல்ல ஏறிப் போய்க் கண்ணைத் திறந்தார். அஞ்சுகம் ஒரு பென்சிலால் அவர் குதிகால் வந்து நின்ற இடத்தையெல்லாம் சுவரில் கோடு போட்டுக் குறித்தாள், பிள்ளைகள் வளர்வதைக் கோடு போடுவார்களே அப்படி. கோடு கீழே போகப் போக அவர் அவள் கைக்கு எட்டுவார், எட்டும்போது அவர் இருக்கமாட்டார். இதுதான் அவளுக்கு வாய்த்தது.

தீயணைப்புக்காரர்கள் வந்து ரப்பர் பாயும் கயிறும் போட்டு இழுத்தார்கள், இழுத்ததற்கு அவர் போட்ட சத்தத்தில் நாலு பிளாக்கின் பல்புகளும் மங்கின, கையை விரித்துவிட்டுப் போய்விட்டார்கள். பூசாரி வந்தார், பாஸ்டர் வந்தார், இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே ஜெபமும் மந்திரமும் முடித்து அவர் வெளிச்சத்திலேயே டீ குடித்தார்கள். டாக்டர் வந்து, ஆள் இருக்கிறார் என்றும் எழுத முடியாது இல்லை என்றும் எழுத முடியாது, கீழே இறக்கினால்தான் எதையாவது எழுத முடியும் என்றார். கடைசியாக கரண்ட் ஆபீசிலிருந்து லைன்மேன் பரந்தாமன் வந்தார். ஒயர் போகிற வழியையும் அவரையும் அண்ணாந்து பார்த்தார்.

“யம்மா, இவரு இப்ப லைன்ல ஒரு துண்டும்மா. வெட்டி எடுக்க முடியாது. என்னால ஆனது, இந்த லைன ஆஃப் பண்ணாம பாத்துக்கறேன்” என்றார்.

சொன்னபடி செய்தார். புயல் அடித்த வாரத்தில் ஊரே இருட்டில் கிடக்க எங்கள் லைன் மட்டும் எரிந்தது, பக்கத்து பிளாக்குகளில் எங்களை வாயாரத் திட்டினார்கள்.

நாங்களும் செய்தோம், சும்மா சொல்லக்கூடாது. மூன்றாம் நாளே கூட்டம் போட்டு முறை வைத்தோம், ஒரு நேரத்தில் ஒரு வீட்டில்தான் கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் கூடவே கூடாது, ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுத்தான் மிக்சி. கசங்கிய சட்டையோடு பெண் பார்க்கப் போனவன் உண்டு. ஆட்டுக்கல் தேடி ஆற்றோரத்துப் பழைய இடத்துக்கே போய் வந்தவள் உண்டு. தனகோட்டிக்குச் சோறு வேண்டியிருக்கவில்லை, தண்ணீர் வேண்டியிருக்கவில்லை, கரண்டே போதுமாக இருந்தது, ஆனாலும் அஞ்சுகம் தினம் அவருக்கு ஒரு தட்டுப் போட்டு வைத்துவிட்டுத்தான் சாப்பிட்டாள்.

அவளுக்கு அந்த வெளிச்சம் நன்றாக உதவியது, அதையும் சொல்லத்தானே வேண்டும். நிழலே விழாத வெளிச்சம், கறுப்பு கறுப்பாகவும் கருநீலம் கருநீலமாகவும் தெரிந்தது. முதலில் பக்கத்து வீட்டுக்காரி ஊசியை எடுத்துக்கொண்டு வந்தாள், அப்புறம் பூ கட்டுகிறவர்கள், அப்புறம் புத்தகத்தோடு பிள்ளைகள், அப்புறம் நான், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறி. அவர் மேலிருந்து பேசுவார். “க்கா, ஒரு கல்லு வுட்டுட்டியே, தோ ஓரத்துல” என்று என் முறத்தைக் காட்டுவார். பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பார். தனகோட்டி வெளிச்சத்துக்குப் போய்வருகிறேன் என்று சொல்வது, தண்ணீர் பிடித்துவருகிறேன் என்று சொல்வதுபோல ஆகிவிட்டது.

நாலு மாதத்தில் அவர் பேச்சு குறைந்தது. ஏழாவது மாதத்தில் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். அப்புறம் பதிலும் இல்லை, ட்யூப்லைட் சோக்கிலிருந்து வருமே அப்படி ஒரு ரீங்காரம் மட்டும். அது எங்களுக்கு உறைக்கவில்லை. ஒருநாள் நான் சிவப்பு நூலுக்கும் அரக்கு நூலுக்கும் வித்தியாசம் தெரியாமல், “இன்னாடி அஞ்சுகம், இன்னிக்கி டல்லா எரியுது?” என்று கேட்டுவிட்டேன். எரியுது என்று சொன்னேன். அஞ்சுகம் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அதற்குள் பிளாக்கும் அலுத்துப்போயிருந்தது. யாரையும் குற்றம் சொல்ல நான் யார்? ஒரு கோடை முழுக்க வெந்துவிட்டு முதலில் ஒரு வீட்டில் ஏசி வந்தது, கைக்குழந்தைக்கு வேர்க்குரு என்றார்கள். அடுத்த வீட்டுக்காரர் நாம் மட்டும் என்ன பாவம் செய்தோம் என்றார். என் மகன் எனக்குக் கரண்ட் அடுப்பு ஒன்று வாங்கி அனுப்பினான். கதவைச் சாத்திக்கொண்டு அதில் குழம்பு வைத்தேன். வைத்த ஐந்தாவது நிமிடம் அஞ்சுகம் மூன்று மாடி ஓடி இறங்கி வந்து கதவைத் தட்டினாள், மூச்சு வாங்கியது.

“அக்கா, எதாச்சும் போட்டியா? ரெண்டாவது கோட்டுக்கு வந்துட்டாரு.”

“நானா? இல்லியே” என்றேன். என் பின்னால் குழம்பு கொதிக்கிற சத்தம் அவளுக்குக் கேட்டது. “சரிக்கா” என்று சொல்லிவிட்டு அடுத்த கதவைத் தட்டப் போனாள். தன் வீட்டை எனக்குக் கொடுத்தவளிடம் அன்று நான் பொய் சொன்னேன், கடவுள் இருந்தால் இதற்கு மட்டும் என்னைக் கேட்கட்டும்.

பதினோராவது மாதம் டிரான்ஸ்ஃபார்மர் புகைந்தது. பரந்தாமன் வந்து பிளாக்கின் வாசலில் உட்கார்ந்துவிட்டார். அத்தனை ஏசியையும் இது தாங்காது, வெடித்தால் ஒரு மாதத்துக்கு யாருக்கும் கரண்ட் இல்லை, வியாழக்கிழமை ஒன்பது மணியிலிருந்து இரண்டு மணி வரை நிறுத்திப் பெரியதாக மாற்ற வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது என்றார். ஜெனரேட்டர் வைக்கலாமே என்றார்கள். “வெக்கலாம். இங்க இருந்து அங்க மாத்தறப்போ கண்ணு மூடித் தொறக்கற நேரம் கரண்டு வுடும். அந்த நேரம் போதும்” என்றார் பரந்தாமன். அவர் இரண்டு தடவை தேதி தள்ளிவைத்துக் கொடுத்தார், பக்கத்து பிளாக்குகளிலிருந்து ஆட்கள் வந்து சண்டை போட்டார்கள், தண்ணீர் மோட்டார் ஓடாமல் எத்தனை நாள் என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் ஒரு தப்பும் இல்லை.

கூட்டம் போட்டோம். அஞ்சுகம் நடுவில் நின்றாள்.

“வாணாம்னு ஒர்த்தராச்சும் சொல்லுங்க. இல்ல ஆவட்டும்னு சொல்லுங்க. எதுனா ஒண்ணு வாயத் தொறந்து சொல்லுங்க.”

எல்லோரும் அவரவர் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நானும் பார்த்தேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சரி. அப்ப நான் ஒண்ணு கேக்கறேன். ஒம்போது மணிக்கு அவுங்க அணைக்கறதுக்கு முன்ன, எட்டே முக்காலுக்கு, எல்லா வூட்லயும் எல்லாத்தயும் போடுங்க. மிக்சி, கிரைண்டர், ஏசி, ஹீட்டரு, எது இருக்குதோ அது. மெல்லமா எறங்கி வரட்டும். நான் புடிச்சிக்கறேன். பதினோரு மாசமா அந்தாளு மேல என் கை படல.”

பரந்தாமன்தான் முதலில் தலையாட்டினார். “போடுங்க. வெடிச்சா வெடிக்கட்டும், அதான் மாத்தப் போறமே” என்றார்.

வியாழக்கிழமை எட்டே முக்காலுக்கு எங்கள் பிளாக் போட்ட சத்தத்தை இந்த ஊர் கேட்டிருக்காது. இல்லாதவர்கள் இருப்பவர்களிடம் வாங்கி வந்து மாட்டினார்கள், வெறும் ஜாரில் மிக்சிகள் ஓடின, அரிசி இல்லாமல் கிரைண்டர்கள் சுற்றின, அயர்ன் பாக்ஸ்கள் ஈரத்துணி மேல் சீறின, வாளிகளில் ஹீட்டர்கள் கொதித்தன, கதவு திறந்த வீடுகளில் ஏசிகள் குளிரை வராந்தாவுக்கு ஊதின, எல்லா டிவியும் எல்லா ரேடியோவும் கத்தின. என் வீட்டில் இருந்த அத்தனையையும் போட்டுவிட்டு நான் மூன்று மாடி ஏறினேன்.

அஞ்சுகம் குளித்துத் தலை வாரி விளக்குக்குக் கீழே நின்றாள். நாங்கள் சுவரோடு சுவராக நின்றோம். தனகோட்டி இறங்கத் தொடங்கினார். ஒரு சாண், ஒரு முழம். முதல் கோடு, இரண்டாவது கோடு. ஒயர்கள் அவர் கையை விடவில்லை, அவரோடு சேர்ந்து நீண்டு வந்தன. மஞ்சள் ஆரஞ்சாகியது, ஆரஞ்சு அடுப்புக்கரி போலச் சிவந்தது, ஐந்து பல்புகளிலும் கம்பி மட்டும் தெரிந்தது. கடைசிக் கோட்டையும் தாண்டி அவர் கால் இடுப்புயரத்துக்கு வந்தது, அப்புறம் முழங்காலுயரத்துக்கு, அப்புறம் முகம் அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றது. அவ்வளவு கீழே வந்தால் கண் மூடியிருக்கும் என்றுதான் நினைத்தோம். திறந்தார். பல மாதம் பேசாத வாய் அசைந்தது.

“ஈரக் கையோட தொடாத, அஞ்சு.”

அவள் கை முழுக்கக் கண்ணீர். புடவையில் இரண்டு கையையும், உள்ளங்கை புறங்கை என்று, அவர் திருப்திப்படும்வரை அழுத்தித் துடைத்தாள். “தொடச்சிட்டேன்யா. பாரு” என்று காட்டினாள். அவர் பார்த்தார். அதற்கப்புறம்தான் அவரைக் கட்டிப்பிடித்தாள். இந்தத் தடவை கரண்ட் அவளைத் தூக்கி எறியவில்லை. அவள் உடம்பு நடுங்கியது, கரண்டினால் நடுங்கியதா அழுகையினால் நடுங்கியதா எனக்குத் தெரியாது.

ஆபீஸ்காரர்கள் அன்று பத்து நிமிடம் தாமதமாக வந்தார்கள். அந்தப் பத்து நிமிடமும் கட்டிடம் முழுக்க ஒரு ஸ்விட்சைக்கூட யாரும் அணைக்கவில்லை. ஒன்பது பத்துக்கு எல்லாச் சத்தமும் ஒரே அடியாக நின்றது. இருட்டுக் கூடத்தில் ஒரு ஆளின் கனத்தோடு அஞ்சுகம் தரையில் உட்கார்ந்தாள்.

டாக்டர் வந்து எழுத வேண்டியதை எழுதினார். பன்னிரண்டரை மணிக்கு எடுத்தோம். பந்தலுக்கு நேரமில்லை, வாசலில் நாலு நாற்காலி போட்டோம், பரந்தாமன் கம்பத்தின் மேலிருந்து இறங்கி வந்து ஒரு கை பிடித்தார்.

சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பவில்லை, நாங்கள் அஞ்சுகத்தைச் சுற்றி மூன்றாவது மாடி வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம், இரண்டு மணிக்குப் புது டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து முழு வோல்டேஜும் வந்தது. யாரும் எதையும் அணைத்திருக்கவில்லை. பூட்டிய வீடு திறந்த வீடு எல்லாவற்றிலும் எல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்கியது, காலையில் கேட்டதைவிடப் பலமாக, ஒரு குறையும் இல்லாமல், ஒரு பல்பு மங்காமல். போய் அணைக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.